கதவில் கட்டிய கயிறு

காலடிப்பேட்டை
8 டிசம்பர் 2024

திலீப்புக்கு,

“அவன நாம எந்த எடத்துல வுட்டோம் வல்லி?” என்று உன் அம்மா கேட்கிறாள். மூன்று வாரமாக, பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். இருபத்துநான்கு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவது என் வழக்கம். தெரியவில்லை அண்ணி என்றேன். படித்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று அவள் நம்ப மறுக்கிறாள்.

நலமாக இருக்கிறாயா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அலுவலரும் நலமாக இருக்கட்டும்.

உன் அப்பா எழுதமாட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன் என்று நெட்டுக்குப்பத்துக்கே போய்க் கேட்டேன். “அவனுக்கா?” என்றார். வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் உங்கள் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். நீ, ரஞ்சித், வியாசர்பாடிப் பையன் பீம்ராவ், மூன்று பேரும். “சிறை சென்ற சிங்கங்கள்.” நடுவில் உங்கள் தலைவர் செங்குட்டுவன், உங்களைப்போல் நான்கு மடங்கு பெரிய முகத்தோடு. அவர் சிறைக்குப் போகாததால் அவர் என்ன விலங்கு என்று போடவில்லை. போன வார மழையில் உன் முகம் பாதி உரிந்துவிட்டது. மீதியின்மேல் பல் மருத்துவர் விளம்பரம்.

சடையங்குப்பத்தில் நீங்கள் கொளுத்திய தகரக் கொட்டகைக்குள் நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் காலை பத்து மணிக்குத் தூங்கத்தான் செய்வார்கள். பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு நான்கு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். பெயர்த்தவர் சுதாம் மாஜி, ஒடிசாக்காரர். சுட்ட தகரத்தை வெறுங்கையால் பெயர்த்தார். இரண்டு கைகளையும் கட்டி ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். கதவு வழியாக ஏன் வரவில்லை என்றால், கதவு வெளியிலிருந்து கயிற்றால் கட்டியிருந்தது.

பனியன் அளவு எழுது. வேறு ஏதாவது எழுதத் தோன்றினாலும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அத்தை புஷ்பவல்லி


புழல்
27 டிசம்பர் 2024

மானமிகு அத்தையார் அவர்களுக்கு,

வடகடல் மண்மீட்புப் படையின் வடக்கு மண்டல இளைஞரணிச் செயலாளர் திலீபன் கொட்டடியிலிருந்து வரையும் மடல். நலம். தங்கள் நலமும் அவாவுகிறேன்.

இரும்புக் கம்பிகள் எம் உடலைத்தான் அடைக்கும், உணர்வை அல்ல. வந்தேறிக் கூட்டம் நம் மண்ணையும் நம் வேலையையும் விழுங்கிக்கொண்டிருக்க, அலைகளை ஆண்ட இனம் கைகட்டி நிற்பதா என்று அண்ணன் செங்குட்டுவன் கேட்டபோது என் குருதி கொதித்தது. அன்று நடந்தது எச்சரிக்கை மட்டுமே. கொட்டகை காலியாக உள்ளது என்ற உறுதியான தகவலின் பேரிலேயே அந்நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. கதவு பற்றி யாதும் அறியேன். வரலாறு எம்மை விடுவிக்கும்.

பனியன் 90. துண்டு ஒண்ணு வோணும், இங்க குடுத்தது நாறுது. தங்கச்சி வினிதா கொழந்தைக்குப் பேர் வச்சிட்டாங்களா? அம்மாவ அழ வாணாம்னு சொல்லு.

இனப்பற்றுடன்,
திலீபன்


காலடிப்பேட்டை
12 ஜனவரி 2025

திலீப்புக்கு,

பொங்கல் வருகிறது. இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் பகுதியை எழுதியவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. துண்டு கேட்டவனைத் தெரியும். அவனுக்குத்தான் இந்தப் பதில். வினிதாவின் குழந்தைக்கு எழில்மொழி என்று பேர் வைத்திருக்கிறார்கள். உன் மூக்கு.

உன் அண்ணன் செங்குட்டுவனின் நிஜப்பெயர் எத்திராஜ். என்னிடம் மூன்று வருடம் படித்தார். விடை தெரியாத கேள்விக்கும் நான்கு பக்கம் எழுதுவார். இப்போதும் அதையேதான் செய்கிறார். அப்போது குறுக்குக்கோடு போட நான் இருந்தேன், அதுதான் வித்தியாசம். சடையங்குப்பத்திலும் மணலியிலும் உள்ள கொட்டகைகளுக்கெல்லாம் குடிதண்ணீர் கேன் போடுவது அவருடைய மச்சான் வண்டி. நீங்கள் கொளுத்திய கொட்டகை வாசலிலும் அந்தக் கேன் இரண்டு உருகிக் கிடந்ததாம். வந்தேறிகள் எல்லோரும் போய்விட்டால் அந்த வண்டி யாருக்காக ஓடும் என்று அவரைக் கேட்டிருக்கிறாயா? நீ கேட்டிருக்கமாட்டாய். செயலாளர்கள் கேள்வி கேட்பதில்லை.

ஒன்று மட்டும் யோசி. காலிக் கொட்டகை என்று தெரிந்தவன் அதன் கதவை ஏன் கட்டவேண்டும்? இதற்கு நான்கு பக்கம் எழுதித் தப்ப முடியாது.

துண்டும் பனியனும் அனுப்பியிருக்கிறேன். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்.
அத்தை


புழல்
3 பிப்ரவரி 2025

அத்தே,

நல்லா கீறியா? நா கீறேன். துண்டு வந்துச்சி.

பேப்பர் திருத்தற மாதிரி என் லெட்டர திருத்திக்கினு கீற. சரி. அம்மா கேட்ட கேள்விக்கு ஒனக்குப் பதில் தெரியலன்னு எழுதன இல்ல, நா சொல்றேன். வினிதா கல்யாணத்துல.

அன்னிக்குதான் என் விசிட்டிங் கார்டு அச்சாயி வந்துச்சி. மொத கார்டு ஒனக்குதான் குடுத்தேன். பந்தில ஒக்காந்துகினு இருந்த. கண்ணாடிய ஏத்திக்கினு சத்தமா படிச்ச. “வடக்கு மண்டல இளைஞரணிச் செயலாளர். மண்டலத்துல எத்தினி பேர்டா?”ன்ன. பன்னெண்டுன்னேன். “அதுல எத்தினி பேர் செயலாளரு?”ன்ன. பன்னெண்டு பேராண்டயும் செயலாளர் கார்டு இருந்துச்சி. பந்தியே சிரிச்சிது. அப்பாவும் சிரிச்சாரு. நீ கார்ட எலைக்கு அடியில சொருவிட்டு கை கழுவப் போயிட்ட. எல எடுக்கறவன் அதையும் சேத்து எடுத்துக்கினு போனான். நா பாத்துக்கினே நின்னேன்.

டிப்ளமா முடிச்சிட்டு மூணு வருசம் கம்பெனி கேட்டாண்ட நின்னேன். உள்ளூர்காரன் யூனியன் பேசுவான், கருமாதிக்கு லீவு கேப்பான், வாணாம்னுட்டான் கான்ட்ராக்டு. எங்கண்ணு முன்னாடி ரயில்ல வந்தவன்லாம் உள்ள போறான். முகத்துவாரத்துல எண்ண படிஞ்சி மீனுலாம் செத்து ஒதுங்கனப்போ எவனும் வரல, நாங்களே வெறுங்கையால எண்ணைய அள்ளினோம். நீ போன் பண்ணி “கையுறை போட்டுக்கோ”ன்ன. கையுறைய எங்க போய் வாங்கறது? அண்ணன் வந்தாரு. மொத வார்த்த, “தம்பி, சாப்டியா?” அவ்ளோதான். அதுக்கப்பறம் அவர் இன்னா சொன்னாலும் எனக்கு சரியாதான் கேட்டுச்சி.

நீயும் நாலு பக்கம் எழுதற ஆளுதான் அத்தே. ஆனா “சாப்டியா”ன்னு நீ கேட்டதில்ல.

அம்மாவ கேட்டதா சொல்லு.
திலீப்


காலடிப்பேட்டை
24 பிப்ரவரி 2025

திலீப்புக்கு,

சாப்பிட்டாயா?

கார்டைப் படித்தது உண்மை. சிரித்தது உண்மை. இலைக்கு அடியில் வைத்தது எனக்கு நினைவில்லை, ஆனால் நான் செய்யக்கூடியதுதான். அது தப்பு. உன் கார்டு வேடிக்கையானது என்ற கருத்தில் இன்றும் மாற்றமில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கவேண்டும்.

ஆனால் ஒரு சிரிப்புக்கு ஒரு கொட்டகை என்று நீ போடும் கணக்கை நான் ஏற்கமாட்டேன். உன்னைவிட அதிகமாகச் சிரிக்கப்பட்டவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், பஸ் பிடித்து வேலைக்குப் போய் வருகிறார்கள். உனக்கு வேலை தராதவர் கான்ட்ராக்டர். அவர் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறார், வாசலில் காவலுக்கு ஆள் நிற்கிறான். அவர்மேல் கை வைக்க உங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவனுக்கும் வீரம் வரவில்லை. தூங்குகிறவன்தான் வசதியாக இருந்திருக்கிறான்.

படை வைத்த வக்கீல் படைக்காகத்தான் பேசுவார். உனக்கு ரூபினாவை ஏற்பாடு செய்திருக்கிறேன். என் பழைய மாணவி, விடை தெரியாவிட்டால் வெற்றுத்தாளாகக் கொடுத்துவிடுவாள். குற்றப்பத்திரிகை நகலை அவள் அலுவலகத்தில் படித்தேன். எண்பத்தேழு பக்கம். ரஞ்சித் பெட்ரோல் ஊற்றியதாகவும், பீம்ராவ் கதவைக் கட்டியதாகவும், நீ கூட நின்றதாகவும் இருக்கிறது. கட்டியவன்மேல்தான் கொலை முயற்சி என்ற பிரிவு கனமாக நிற்கும் என்றாள். கதவின் படங்களும் இருந்தன. பார்த்தேன்.

எழில்மொழிக்குத் தடுப்பூசி போட்டார்கள். இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. உன் அப்பா படகுக்கு வர்ணம் அடிக்கிறார். நீலம்.

நேரத்துக்குத் தூங்கு.
அத்தை


புழல்
9 மார்ச் 2025

அத்தே,

சாப்ட்டேன். சோறு கலீஜா கீது, ஆனா சாப்ட்டேன். ஒனக்கு முட்டிவலி எப்டி கீது?

படத்துல இன்னா பாத்த?

நாங்க மூணு பேரும் ஒரே பிளாக்கு. கதவ கட்டினது நாந்தான்னு பீம்ராவு போலீசாண்ட ஒத்துக்கினான். படை வக்கீல் வந்து எங்கிட்ட சொல்றாரு, “நீ கடல்கார ஜனத்துக்கு மொகம். நீ படைக்கு வோணும். அவன் பாத்துப்பான், நீ வாயத் தொறக்காத.” பீம்ராவாண்ட கேட்டேன், ஏன்டா ஒத்துக்கினன்னு. “அண்ணன் ஆளனுப்பி, நீ என் சொந்தத் தம்பிடான்னு சொல்லச் சொன்னாரு மாமு”ங்கறான். ரெண்டு வருசமா படைக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவன் அவன். அதுல அவன் ஒக்காந்து நா ஒரு நாளும் பாத்ததில்ல. அவனாண்ட கார்டும் இல்ல. பதிமூணாவது ஆளு.

ரஞ்சித்து இங்க அவன் தொட்ட வாளில தண்ணி மொள்ளமாட்டான். வெளிய மேடையேறி “தமிழன் ஒரே ரத்தம்”னு பேசனவன். நேத்து நா கேட்டேன், இன்னாடா இதுன்னு. “அது வேற, இது வேற”ன்றான்.

படத்துல இன்னா பாத்தன்னு எழுது.

ஒடம்பு பத்திரம்.
திலீப்


காலடிப்பேட்டை
29 ஏப்ரல் 2025

திலீப்புக்கு,

நலம்தானே? வெயில் ஆரம்பித்துவிட்டது, அங்கே மின்விசிறி ஓடுகிறதா?

பதில் தாமதமானதற்கு விடைத்தாள் திருத்தும் பணி காரணம். ஒரு நாளைக்கு அறுபது தாள்.

சுதாம் மாஜியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சடையங்குப்பத்தில் வேறொரு கொட்டகையில் கூட்டாளிகளோடு இருக்கிறார். போய்ப் பார்த்தேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிப் போனேன். இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருப்பவருக்கு உரித்துத் தின்னவேண்டிய பழம். முதுகலைப் பட்டம் பெற்றவளின் மூளை அவ்வளவுதான். நான் உட்கார்ந்து உரித்துக் கொடுத்தேன். அவருடைய கூட்டாளி ஒருவர் வாயில் ஊட்டினார்.

நான் யார் என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். “அக்கா, கதவு ஏன்?” என்றார். நெருப்பு அவருக்குப் புரிகிறதாம். எங்கேயும் நெருப்பு வைக்கிறார்கள், அவர் ஊரிலும் வைக்கிறார்கள். கதவு புரியவில்லையாம்.

மீதி ஆரஞ்சையும் உரித்து வைத்துவிட்டு வந்தேன்.

உடம்பைக் கவனி.
அத்தை


புழல்
14 மே 2025

அன்பே உருவான அத்தைக்கு,

தங்கள் திருமுகம் கண்டேன். நலம் பல விழைகிறேன். அந்த ஒடிசாத் தோழரின் கேள்வி என் நெஞ்சைப் பிளந்தது. வெறுப்பு என்னும் நச்சுப் பாம்பு என்னைச் சுற்றியிருந்ததை உணர்ந்தேன். சிறையே எனக்குப் போதிமரம் ஆனது. இனம் என்பது பொய், மனிதம் ஒன்றே மெய். எத்திராஜ் என்னும் துரோகியின் முகத்திரையைக் கிழிப்பேன். இனி நான் மனிதநேயப் போராளி. என் ஒவ்வொரு துளிக் குருதியும் ஒடுக்கப்பட்டோருக்கே. வெளியே வந்ததும் இளைஞர்களைத் திரட்டி ஓர் இயக்கம் காண்பேன். அதற்குப் பெயரும் யோசித்துவிட்டேன்.

மனிதநேயத்துடன்,
திலீபன்


காலடிப்பேட்டை
26 மே 2025

திலீப்புக்கு,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. திலீபன் திரும்பி வந்துவிட்டார் போலிருக்கிறது.

இது அதே சட்டை, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருக்கிறாய். டிசம்பரில் குருதி கொதித்தது, மே மாதத்தில் குருதி துளித் துளியாக வழங்கப்படுகிறது. அப்போது சுதாம் மாஜி வந்தேறி, இந்தத் தடவை தோழர். இரண்டு தடவையும் அவர் பெயரை நீ எழுதவில்லை. போராளியாக இல்லாமல் உன்னால் இருக்கவே முடியாதா? அந்த இயக்கத்தில் எத்தனை செயலாளர்கள்?

நீ அதிலிருந்து வெளியே வந்துவிட்டாய் என்று நான் எப்போது நம்புவேன் என்று சொல்கிறேன். குருதி, நெஞ்சு, வரலாறு எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் எழுது. எத்தனை மணி, யார் எங்கே நின்றார்கள், யார் என்ன செய்தார்கள், நீ என்ன செய்தாய். அது வராவிட்டால் வெற்றுத்தாளை அனுப்பு. அதையாவது மதிப்பேன்.

அம்மா ஊறுகாய் கொடுத்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று நானே தின்றுகொண்டிருக்கிறேன்.

அத்தை


புழல்
16 ஜூன் 2025

அத்தே,

நல்லா கீறியா?

பத்து மணி, பத்தே கால் இருக்கும். வண்டி ரெண்டு. பீம்ராவு வண்டியாண்டயே நின்னான், கொட்டாயாண்ட வரவே இல்ல. ரஞ்சித்து பெட்ரோல் கேன எறக்கினான். ஆளு இல்லன்னுதான் எங்களாண்ட சொன்னாங்க, அது நெஜம். கதவு காத்துல அடிச்சிக்கினு இருந்துச்சி, உள்ள ஒரே இருட்டு. சத்தத்துக்கு எவனாவது வந்துடப் போறான், கட்டுன்னான் ரஞ்சித்து. கயிறு அங்கியே கெடந்துச்சி. கட்டினேன்.

நம்ம கரைல ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு முடிச்சி. கயிறு மாறிப் போவக்கூடாதுன்னு. அப்பா ரெண்டு சுத்து சுத்தி, வால மடிச்சி உள்ள சொருவி, நுனிய வெளிய தொங்க வுடுவாரு. உள்ளேர்ந்து இழுக்க இழுக்க இறுகும். வெளிய தொங்கற வால ஒரு இழுப்பு இழுத்தா மொத்தமும் அவுந்துடும். படகு முகத்துவாரத்துல மாட்டிக்கினா சட்டுனு அவுக்கறதுக்கு. நா யோசிச்சிக் கட்டல. கையே அத கட்டிச்சி.

இறுக்கறப்போ குனிஞ்சேன். கீழ செருப்பு. நாலு ஜோடி. ஒண்ணுல வாரு அறுந்து கம்பி வச்சிக் கட்டியிருந்துச்சி. அப்பவே புரிஞ்சிது. வாலு இன்னும் என் கையிலதான் இருந்துச்சி. ஒரு இழுப்பு. “செயலாளரு, தள்ளு”ன்னான் ரஞ்சித்து. தள்ளி நின்னேன்.

ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. பயமில்ல. கோவமும் அப்ப இல்ல. அவன் செயலாளருன்னு கூப்ட்டான், நா தள்ளி நின்னேன், அவ்ளோதான். சுதாம் மாஜி கேட்டா இத சொல்லு.

படத்துல நீ முடிச்சப் பாத்த. நீயும் அந்த வூட்ல பொறந்தவதான, ஒனக்கும் அத கட்டத் தெரியும். பிப்ரவரிலேர்ந்து ஒனக்குத் தெரியும். தடுப்பூசி, நீல பெயிண்டு, அறுபது பேப்பர், ஆரஞ்சுன்னு எழுதிக்கினே கீற. என்னைய வெவரமா எழுதுன்ற. நீ எழுது பாக்கலாம்.

திலீப்


காலடிப்பேட்டை
4 ஆகஸ்ட் 2025

திலீப்புக்கு,

ஏழு வாரமாகிவிட்டது. இந்த முறை திருத்துவதற்குத் தாள் எதுவும் இல்லை. உடம்பும் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி இருபதாம் தேதி, ரூபினாவின் அலுவலகம், முப்பத்தோராம் பக்கம். கதவு எரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இரும்புக் கொண்டியில் கயிறு பாதி கருகியிருக்கிறது. முடிச்சு அப்படியே இருக்கிறது, வால் தொங்குகிறது. பார்த்த நொடியே தெரிந்தது. பக்கத்தைத் திருப்பினேன். ரூபினாவிடம் தண்ணீர் கேட்டேன்.

உனக்கு வரும் கடிதங்களைச் சிறையில் படிக்கிறார்கள், அதனால் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பீம்ராவை எனக்குத் தெரியாது, உன்னைத் தெரியும். உன்னை நான் தூக்கி வளர்த்தேன், அவனை யாரோ வளர்த்தார்கள். அவ்வளவுதான் என் கணக்கு. எத்திராஜின் கணக்கும் இதுதான். அவர் அதை மைக்கில் சொல்கிறார், நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலையில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து உன் அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். “நம்மூட்டு முடிச்சி” என்றார். தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “வாய மூடிக்கினு இரு வல்லி” என்றார். என் வாழ்க்கையில் நான் கேட்டு நடந்த அறிவுரைகள் குறைவு. இதைக் கேட்டு நடந்தேன்.

பீம்ராவின் அம்மா பெயர் இசக்கியம்மாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்காருவோம். தண்ணீர் பாட்டிலை முதலில் எனக்குத்தான் நீட்டுவார். போன தடவை சொன்னார், “எம்புள்ளைக்கு ஷூ லேசே நாந்தான் டீச்சர் கட்டிவுடுவேன். அவனா கதவக் கட்டினான்?” நான் தண்ணீர் குடித்தேன்.

பன்னிரண்டாம் தேதி நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துவிட்டு ஒவ்வொருவரிடமும் ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பாராம். ஒப்புக்கொண்டால் எத்தனை வருடம் என்பதை ரூபினா உன்னிடம் சொல்லியிருப்பாள். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று எழுத நினைத்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். சொல்வேனா என்று எனக்குத் தெரியாது.

சாப்பிட்டாயா?
அத்தை


காலடிப்பேட்டை
11 ஆகஸ்ட் 2025

திலீப்புக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னிடமிருந்து பதில் வரவில்லை.

நாளைக்கு என்ன நடக்கும் என்று நான் நினைப்பதை எழுதிவைக்கிறேன், பிறகு சரிபார்க்கலாம். பொய் வழக்கு என்று ரஞ்சித் சொல்வான். பீம்ராவ் ஒப்புக்கொள்வான். நீ தலையைக் குனிந்துகொண்டு விசாரணையைச் சந்திக்கிறேன் என்பாய். அப்பா வரமாட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இதுவரை நாம் எல்லோரும் நடந்துகொண்டதை வைத்துப் பார்த்தால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். காலையில் இதைத் தபாலில் போடவில்லை என்றால், தொடர்ந்து எழுதுவேன்.

12 ஆகஸ்ட்

தபாலில் போடவில்லை. நீ முன்பக்கம் பார்த்து நின்றாய், அதனால் உனக்குப் பின்னால் நடந்தது தெரிந்திருக்காது. அதை எழுதுகிறேன்.

அப்பா வந்தார். கடலுக்குப் போகவில்லை. சட்டைக்குப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். ரஞ்சித் பொய் வழக்கு என்றான். அதுவரை என் கணக்கு சரி. பீம்ராவைக் கேட்டபோது அவன் வாயைத் திறப்பதற்குள் நீ, “கதவ கட்டினது நாந்தான் சார், அவன் வண்டியாண்ட நின்னான்” என்றாய். உன் முறை வரும்போது பேசு என்றார் நீதிபதி. ரூபினா பேனாவைக் கீழே வைத்தாள். படையின் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார், யாரும் கேட்கவில்லை. உன் முறை வந்ததும் மறுபடி அதையே சொன்னாய். “செருப்பப் பாத்தேன். அவுக்கல.” கூடச் சேர்த்தது இரண்டு வாக்கியம். நீ எழுதியதிலும் பேசியதிலும் அதைவிடச் சுருக்கமானது நான் கேட்டதில்லை.

அப்போது அப்பா வெளியே போனார். பின்னாலேயே போனேன். வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒரு இழுப்பு வல்லி,” என்றார். “ஒரு இழுப்புல அவுந்துடும்னு சின்னப் புள்ளையிலேயே கத்துக் குடுத்தேனே.” பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப எனக்குத் தெம்பில்லை.

இசக்கியம்மாள் வெளியே வந்தார். அழுதுகொண்டிருக்கவில்லை. நேராக என்னிடம் வந்து, “டீச்சர், ஒங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்வதற்கு நேரம் இருந்தது. யாரும் என்னைச் சத்தியப் பிரமாணம் எடுக்கச் சொல்லவில்லை.

“தெரியும். பிப்ரவரியிலிருந்து” என்றேன்.

அவர் திட்டவில்லை. காலிலிருந்து கண்ணாடிவரை என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. உன் கார்டைப் படித்துவிட்டு உன்னை நான் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

பிறகு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார், அந்தக் கோடியில். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். மூடியைத் திருகி மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். உங்களை வண்டியில் ஏற்றும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம், அப்பா தரையில், நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில். பீம்ராவின் ஜாமீன் மனு திங்கட்கிழமை வருகிறது.

அத்தை